ஜவ்வரிசிக் களத்தில் இருபது நாள், மலையில் கொஞ்சம் குப்பை

எங்கள் கல்லூரி தன்னாட்சி என்பதால் ஏப்ரல் கடைசியிலேயே நாலாவது செமஸ்டர் முடிந்துவிட்டது. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வரும்போதே கையில் ஒரு படிவத்தைத் திணித்தார்கள். பதினைந்து நாளுக்குக் குறையாமல் இன்டர்ன்ஷிப், நிறுவன முத்திரையோடு சான்றிதழ், அதோடு ஓர் அறிக்கை. நான் படிப்பது உணவுத் தொழில்நுட்பம். வீடு சேலம் அம்மாபேட்டை. அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார், சொந்தக்காரர்களில் 'கம்பெனி' என்று சொல்லக்கூடிய இடத்தில் யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்டர்ன்ஷிப் வாங்கிய கதையை எழுதுகிறவர்கள் பலரும் மாமா அங்கே மேனேஜர் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த லிங்க்கில் 1,499 ரூபாய் கட்டி ஓர் ஆன்லைன் இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்தேன். அம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. முப்பது வீடியோ, ஒவ்வொன்றின் முடிவிலும் ஐந்து கேள்வி, தப்பாகச் சொன்னால் சரியாகிற வரைக்கும் மாற்றி மாற்றி அமுக்கலாம். இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன். வந்த சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து தப்பு, திருத்த இன்னும் 200 ரூபாய் கேட்டார்கள். வேலைக்குப் போகிற இடத்தில் நமக்குச் சம்பளம் தராமல் இருக்கலாம், அது வேறு, ஆனால் நம்மிடம் காசு வாங்கினால் அதற்குப் பெயர் டியூஷன். உங்கள் குரூப்பிலும் அந்த மாதிரி லிங்க் வந்திருந்தால் தயவுசெய்து அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அப்புறம் இருபத்து மூன்று இடத்துக்கு மெயில் போட்டேன். ஒரு பதிலும் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்த ஒரு லாரி டிரைவர் அண்ணன், ஆத்தூர் பக்கத்திலிருந்து சேகோ மில்களுக்கு, அதாவது ஜவ்வரிசி ஆலைகளுக்கு, குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கிழங்கு) ஏற்றிப் போகிறவர், அவர்தான் சிரித்தார். "மெயிலெல்லாம் மில்லுல யாரு பாப்பா பாக்கறாங்க? காலைல எட்டு மணிக்கு முன்னாடி கேட்டுல போய் நில்லு. பத்து மணிக்கு மேல போனா முதலாளி பேங்குக்குப் போயிருப்பாரு."

போய் நின்றேன். அப்பாவும் ஒரு நாள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். கல்லூரியின் போனஃபைட் கடிதம், ஆதார் நகல், ஒரு போட்டோ. அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி வாழப்பாடி போகிற வழியில் இருக்கிற மில். முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு, "என்ன வேலை செய்வே?" என்றார். "எதுவானாலும் செய்வேங்க" என்றேன். பணிவாகச் சொல்கிறேன் என்று எனக்கு நினைப்பு. அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "அப்ப உக்காந்து பாரு" என்றார்.

மூன்று நாள் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். மில் ஓடுவதைப் பார்ப்பது சுவாரசியமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். லாரியிலிருந்து கொட்டிய கிழங்கைக் கழுவித் தோலுரித்து அரைக்கிறார்கள், அரைத்ததைச் சலித்தால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி பால் வருகிறது, பால் தொட்டியில் நின்று அடியில் மாவு படிகிறது. அந்த ஈர மாவை உதிர்த்துக் குலுக்கினால் உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. அதைச் சூடான தட்டில் வறுத்து, சிமென்ட் களத்தில் காயப் போட்டால் மாவு ஜவ்வரிசி. வறுக்காமல் ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி. வடகத்துக்கு மாவு ஜவ்வரிசிதான் வேண்டும் என்று அம்மா மளிகைக் கடையில் சண்டை போடுவதற்கான காரணம் எனக்குப் பத்தொன்பது வயதில் இங்கேதான் புரிந்தது. மிஞ்சுகிற திப்பி, அதாவது சக்கை, மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. கழிவுநீரை மூடிய குளத்தில் விட்டு அதில் வருகிற வாயுவை ஜெனரேட்டருக்குப் பயன்படுத்துகிறார்கள், இந்தப் பக்கம் நிறைய மில்களில் அந்த ஏற்பாடு உண்டு. அப்படியும் அந்தப் புளித்த வாடை இருக்கிறதே, சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு என் சுடிதாரில் ஏறியிருந்தது.

ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் மண்டையில் நிற்பதில்லை. மூன்றாம் நாள் ராத்திரி நோட்டைத் திறந்தால் எழுத நாலு வரிதான் இருந்தது, அதுவும் பாடப் புத்தகத்தில் இருக்கிற அதே நாலு வரி.

நாலாம் நாள் மேஸ்திரியிடம் போய், "அண்ணா, பாயிண்ட் நோட்டை நான் எழுதட்டுங்களா?" என்று கேட்டேன். இப்படிக் குறிப்பாக ஒன்றைக் கேட்டதும் உடனே கொடுத்துவிட்டார், நோட்டு எழுதுவது அவருக்கே பிடிக்காத வேலை.

பாயிண்ட் என்பது கிழங்கில் இருக்கிற மாவுச்சத்தின் அளவு. கிழங்குக்கு விலை அதை வைத்துத்தான், ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று. லேபில் வைத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கழுவிய கிழங்கை ஐந்து கிலோ எடை போட்டு, அப்படியே கூடையோடு தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மாவுச்சத்து தண்ணீரை விடக் கனம், அதனால் சத்துள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் எடை காட்டும், சொத்தைக் கிழங்கு காட்டாது. அடர்த்தி என்று இரண்டு வருடமாகப் படித்தது இதுதான், ஆனால் தராசுக்குப் பக்கத்தில் கிழங்கு கொண்டுவந்த விவசாயி முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது அடர்த்தி வேறு மாதிரி இருக்கிறது. ஒரு பாயிண்ட் குறைந்தால் ஒரு லோடில் எவ்வளவு குறையும் என்று அவர் மனக்கணக்கில் சொன்னார், நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. எந்தக் கிழங்கைக் கூடையில் போடுவது என்பதில்தான் பேச்சு தடிக்கும். மேஸ்திரி ஒல்லிக் கிழங்காக எடுப்பார், விவசாயி நல்லதாக எடுப்பார், கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்து "பாப்பா நீயே எடு" என்பார்கள். முதல் தடவை கை நடுங்கியது. அப்புறம் குவியலின் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் எடுக்கப் பழகிக்கொண்டேன். மாதிரி எடுப்பது என்று பாடத்தில் ஒரு முழு யூனிட்டே உண்டு, அதில் நான் வாங்கியது பாஸ் மார்க்.

மே மாதம் சீசனின் வால். கிழங்கு வரத்து குறைவு, பாதி நாள் அரவையே இல்லை. சீசன் இல்லாத நேரத்தில் வந்துவிட்டோமே என்று முதலில் வருத்தமாக இருந்தது. யோசித்தால் அதுதான் அதிர்ஷ்டம், மெஷினைக் கழற்றிப் பழுது பார்ப்பதும் அப்போதுதான், யாருக்காவது நம்மிடம் பேச நேரம் இருப்பதும் அப்போதுதான். ஒரு நாள் முதலாளி சேகோசர்வுக்கு அழைத்துப் போனார், 1981-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், மில்காரர்கள் தங்கள் ஜவ்வரிசி மூட்டைகளை அங்கே கொண்டுபோய் வைக்க, வியாபாரிகள் சாம்பிளைப் பார்த்து டெண்டரில் விலை எழுதுகிறார்கள். மூட்டை தொண்ணூறு கிலோ. உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து, வெளிச்சத்தில் காட்டி, சிலர் கடித்தும் பார்த்தார்கள். இதெல்லாம் பெரும்பாலும் மகாராஷ்டிரா, குஜராத் பக்கம்தான் போகிறது, அங்கே விரத நாளில் கிச்சடி செய்து சாப்பிடுகிறார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது எனக்குப் பொது அறிவுக் கேள்வியாகத்தான் தெரியும். நமக்கு ஜவ்வரிசி என்றால் பாயசம், வடகம், அதற்கு மேல் யோசித்ததில்லை.

மில்லுக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு மட்டும் மூன்று விஷயம். முதல் நாளே அங்கே வேலை செய்கிற ஓர் அக்கா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து இடுப்பில் முடிச்சுப் போட்டு விட்டார், "பெல்ட்டுல மாட்டுனா உன்னையும் சேத்து அரைச்சுடும் கண்ணு" என்று. மறுநாளிலிருந்து துப்பட்டாவே இல்லை, லேப் கோட்தான், சடையும் கொண்டையாகிவிட்டது. இரண்டாவது, மாவுத் தண்ணீர் சிந்திய தரையில் ரப்பர் செருப்பு எண்ணெயில் நடப்பது போல வழுக்கும், நான் விழுந்தேன், நீங்கள் ஷூ போட்டுப் போங்கள். மூன்றாவது, பெண்களுக்குக் கழிவறை எங்கே என்று முதல் நாளே கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன், சேலத்து மே மாத வெயிலில் அது எவ்வளவு முட்டாள்தனம் என்று மூன்றாம் நாள் தலைவலி சொன்னது.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி. பதினோராம் நாள். அரவை இல்லை, ஆனால் களம் முழுக்க முந்தின நாள் வறுத்த ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு மேஸ்திரி புதிதாக ஒரு வேலை கொடுத்திருந்தார், அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பது. கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, மே மாதத்தில் மத்தியானத்துக்கு மேல் கோடை மழை எப்போது வேண்டுமானாலும் வரும். "சேர்வராயன் மலப் பக்கம் கருத்துச்சுன்னா அரை மணி நேரந்தான் இருக்கு, ஒரு சத்தம் போடு" என்றார். மூன்று மணி வரைக்கும் பார்த்தேன். அப்புறம் கல்லூரித் தோழி போன் செய்தாள், நிழலுக்காகக் கட்டடத்தின் அந்தப் பக்கம் போனேன். அவளுடைய இன்டர்ன்ஷிப்பில் ஏசி இருக்கிறது என்று அவள் சொன்னது கூட நினைவிருக்கிறது. முதல் சொட்டு என் கையில் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

எட்டுப் பேர் ஓடினார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மரப்பலகையால் தள்ளித் தள்ளிக் குவிக்க, இரண்டு பேர் தார்ப்பாயை இழுக்க, காற்று தார்ப்பாயைப் பிடுங்க, நான் வெறும் கையால் அள்ளினேன், அந்த நேரத்தில் அதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. களத்தில் மூன்றில் ஒரு பங்கு நனைந்துவிட்டது. நனைந்த ஜவ்வரிசி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டி கட்டியாகி, மறுநாள் புளித்த வாடையோடு ஓரமாகக் கிடந்தது. தரம் குறைந்த சரக்காகத்தான் போகும் என்றார்கள். எவ்வளவு நஷ்டம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், இனிமேல் போக மாட்டேன் என்று அழுதேன். அப்பா பட்டறையில் முதல் மாதம் உருக்கும்போது வெள்ளியைச் சிந்திய கதையைச் சொன்னார், அது நான் ஏற்கெனவே பலமுறை கேட்ட கதைதான். மறுநாள் போனேன். மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கும் நீதான் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த இருபது நாளில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது என்று நினைக்கிறேன். போனை உணவுப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மீதி நாட்களில் இரண்டு தடவை கத்தினேன். ஒரு தடவை மழை வந்தது, ஒரு தடவை வரவில்லை, வராத அன்று எல்லாரும் மூடிவிட்டு மறுபடி திறந்து பரப்ப வேண்டியிருந்தது, அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி நாள் சான்றிதழோடு 2,000 ரூபாயும் ஐந்து கிலோ ஜவ்வரிசியும் கொடுத்தார்கள். 1,499 ரூபாயை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

பயணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஏற்காடுதான். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு ஒரு பயணமா என்று கேட்பீர்கள். மே மாதக் கோடை விழா சமயத்தில் தோழிகள் ஐந்து பேர் ஒரு நாள் கிளம்பினோம், மலர்க் கண்காட்சி, படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் எல்லாம் ஒரே நாளில் என்று திட்டம். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி நேரம் பஸ் நின்றுகொண்டே இருந்தது. மேலே போய்ப் பார்த்தது மலர்க் கண்காட்சியில் முன்னால் நின்றவர்களின் முதுகு, அப்புறம் மிளகாய் பஜ்ஜி. கோடை விழா வாரத்தில் போகாதீர்கள், போயே ஆக வேண்டும் என்றால் வார நாளில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் தனியாக மறுபடி போனது வேறு கதை. வகுப்புத் தோழி ஒருத்தியின் பெரியப்பாவுக்கு நாகலூர் பக்கம் மூன்று ஏக்கர் காபி. ஒரு வாரம் அவர்கள் வீட்டில் தங்கினேன். இந்த முறை போன அன்றே கேட்டுவிட்டேன், "பெரியப்பா, எனக்குன்னு ஒரு வேலை குடுங்க." பூச்சி விழுந்த செடியைக் கண்டுபிடிக்கிற வேலை கொடுத்தார். தண்டு துளைப்பான் என்று ஒரு வண்டு, அரபிகா செடிக்கு எமன், பட்டையின் வெடிப்பில் முட்டை இடும், புழு தண்டுக்குள் குடைந்துகொண்டே போகும். வெளியே தெரிவது இலை லேசாக மஞ்சள் அடிப்பதும் தண்டில் மேடு மேடாக வளையம் தெரிவதும்தான். அங்கே வேலை செய்கிற, இந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஓர் அம்மா கண்ணால் பார்க்கவே இல்லை, பேசிக்கொண்டே தண்டைக் கையால் தடவிப் போவார், சட்டென்று நிற்பார். என் கையைப் பிடித்து அந்த மேட்டின் மேல் வைத்தார். உள்ளங்கையில் ஒன்றும் தெரியவில்லை, விரல் நுனியில்தான் தெரிந்தது, தோலுக்கடியில் நரம்பு புடைத்த மாதிரி. ஐந்து நாளில் நான் கயிறு கட்டி அடையாளம் வைத்த செடி ஒன்பது, அதில் இரண்டு தப்பு என்று அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பூச்சி விழுந்ததைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும், நல்ல செடிக்குத் தேங்காய் நாரால் பட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கி விடுகிறார்கள், வண்டுக்கு முட்டையிட வெடிப்பு கிடைக்காமல் போக. 1820-களில் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டார் என்று படித்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு அவர் பெயர் தெரியாது, எனக்குத் தண்டு தெரியாது.

ஒரு விஷயம், காலையில் தோட்டத்துக்குள் தனியாக நடக்காதீர்கள். மூன்றாம் நாள் ஆறரை மணிக்குப் பனியில், இருபதடி தள்ளி ஒரு கறுப்புப் பாறை தலையைத் தூக்கியது. காட்டெருமை. பெரியப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார், ஓடாமல், பேசாமல், அது நகர்கிற வரைக்கும் நின்றோம். அது மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக்கில் முதுகைச் சொறிந்துவிட்டு நிதானமாகப் போனது. எனக்கு முழங்கால் நடுக்கம் நிற்க டீ இரண்டு டம்ளர் ஆனது.

தன்னார்வ வேலைக்கு வருகிறேன். மே, ஜூன் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் கூடி, மலைப்பாதை ஓரக் குப்பையைப் பொறுக்குகிற ஒரு சின்னக் குழு. முதல் வாரம் முப்பது பேர், டீஷர்ட், பேனர், நிறைய செல்ஃபி. மூன்றாம் வாரம் ஏழு பேர். குறை சொல்லவில்லை, முதல் வாரம் நானும் மூன்று படம் போட்டேன். கையுறை துணியில் வேண்டாம், உடைந்த பாட்டில் குத்தும், தடிமனான ரப்பர் வேண்டும். பொறுக்கிய மூட்டையை மேலேயிருந்து தூக்கி இறங்க முடியாது, வண்டி வருகிற இடத்தில் வைத்துவிட்டு நடக்க வேண்டும். குரங்கு பார்க்கிற இடத்தில் பிஸ்கட்டைப் பிரிக்கவே கூடாது.

இங்கேயும் யாருக்கும் வேண்டாத ஒரு வேலை இருந்தது, மூட்டையைக் கொட்டி எண்ணிப் பிரிப்பது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், பாயிண்ட் நோட்டு எழுதிய கை அல்லவா. எந்த வளைவில் என்ன கிடைத்தது என்று நாலு வாரம் எழுதினோம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு 2019-லிருந்து தடை, ஆனாலும் ஓரத்தில் கிடப்பது அதிகம் சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும்தான். மலையைப் பார்க்க வண்டி நிறுத்துகிற ஒரு வளைவில் மட்டும் வேறு கணக்கு, அங்கே முழுக்கப் பிரியாணிப் பொட்டலம். கீழே வாங்கிக்கொண்டு வந்து, காட்சி தெரிகிற முதல் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நாங்கள் எண்ணி எழுதிய தாளைக் கொண்டுபோய்க் காட்டி, அங்கே ஒரு குப்பைத் தொட்டி வைக்க வைத்தோம். எனக்கு அன்று அவ்வளவு பெருமை.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் குரங்குகள் தொட்டியைக் கவிழ்த்து, முன்பு ஓரத்தில் கிடந்ததை ரோடு முழுக்க இறைத்து வைத்திருந்தன. தொட்டியை எடுத்துவிட்டோம். இப்போது அந்த ஏழு பேரில் இரண்டு பேர், அடிவாரத்தில் பொட்டலம் கட்டுகிற கடைகளில், "சாப்பிட்ட கவரைத் திரும்பக் கீழே கொண்டு வாங்க" என்று சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கடைக்காரர் சொல்கிறார், மற்றவர்கள் சொல்வதில்லை. இந்த இடத்தில்தான் இப்போதைக்கு நிற்கிறது.

ஜூலையில் கல்லூரி திறந்தது. வாய்மொழித் தேர்வில் சார் அறிக்கையைப் புரட்டி, முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதுவும் எத்தனை பக்கம் என்று. நனைந்த ஜவ்வரிசி பற்றி நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

போன வாரம் சாயங்காலம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். ஏற்காடு மலைப் பக்கம் ஒரேயடியாகக் கருத்திருந்தது. கை தானாகப் போனை எடுத்து மேஸ்திரிக்கு அடித்தது.

"அண்ணா, மலப் பக்கம் கருத்துடுச்சுங்ணா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் சிரிப்பு. "களத்துல ஒன்னும் இல்ல கண்ணு. கிழங்கு வரட்டும், சொல்றேன்."

துணி மட்டும் நனைந்துவிட்டது, அதற்கு அம்மாவிடம் திட்டு.